ஆளில்லாத சத்தம்

(அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

தருமபுரி மாவட்டத்துக் கிராமங்களுக்கு ராத்திரித் தூக்கம் கெடுவது புதிதில்லை. திரௌபதி அம்மன் கோயிலில் பாரதம் நடக்கும் நாள்களில் இரவு பத்து மணிக்கு மேல்தான் கூத்து களைகட்டும். மத்தளமும் முகவீணையும் விடிய விடிய ஒலிக்கும். கட்டியங்காரன் அடிக்கும் கிண்டலுக்குப் பாயும் போர்வையுமாக வந்து உட்கார்ந்த பாட்டிகள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். மாரியம்மன் பண்டிகைக்கு ரேடியோ செட் கட்டினால் அடுத்த ஊர்வரை கேட்க வேண்டும். இல்லாவிட்டால் கட்டியவருக்கு மரியாதை இல்லை.

அப்படிப்பட்ட ஊர், எல்லையிலிருக்கும் பண்ணை வீட்டில் சனிக்கிழமை ராத்திரி நாலு பேர் பாட்டுப் போட்டால் மட்டும் போலீசுக்குப் போன் அடிக்கிறதே, இது என்ன நியாயம்? பண்ணை வீடுகளை நாள் வாடகைக்கு விடுகிறவர்கள் கேட்கும் கேள்வி இது. சும்மா தள்ளிவிடக்கூடிய கேள்வி இல்லை என்பதால் பேச்சு இங்கிருந்தே தொடங்குகிறது.

கூத்துக்கு ஊரார் வரி கொடுத்திருக்கிறார்கள். எந்தத் தேதியில் கொடி ஏறும், எந்தத் தேதியில் படுகளம் என்று நோட்டீஸ் அடித்துப் பெட்டிக்கடை வரை ஒட்டியிருக்கிறார்கள். நோட்டீஸின் அடியில் விழாக்குழுவினர் பெயர் வரிசையாக இருக்கும். ஒரு வீட்டில் சாவு விழுந்துவிட்டால் ஆள் அனுப்பி நிறுத்தச் சொல்லலாம், நிறுத்துவார்கள். பண்ணை வீட்டில் ஒலிக்கும் பாட்டுக்கு அப்படி ஓர் ஆள் கிடையாது. போட்டவர் நாளை காலை பதினொரு மணிக்குச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். வீட்டுக்குச் சொந்தக்காரர் வேறு ஊரில் இருக்கிறார். பணம் வாங்கிய செயலி கைப்பேசிக்குள் இருக்கிறது. யாரிடம் போய்ச் சொல்வது?

இதனால் கூத்துக்குச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். ஒலிபெருக்கி கட்டி விடியும்வரை நடத்தினால் அதுவும் மீறல்தான். ஊர் தன் சத்தத்தைத் தானே பொறுத்துக்கொள்கிறது, அவ்வளவே.

ஒகேனக்கல் இந்த மாவட்டத்தின் பெயரை வெளியூர்க்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்த இடம். பெங்களூரிலிருந்து காரில் கிளம்பினால் மூன்று, நான்கு மணி நேரம். பரிசல், எண்ணெய்க் குளியல், பொரித்த மீன் என்று பகலில் முடிந்துபோகும் பயணமாகத்தான் அது நெடுங்காலம் இருந்தது. தங்க நினைத்தவர்கள் தமிழ்நாடு ஓட்டலிலோ லாட்ஜிலோ தங்கினார்கள். லாட்ஜில் வரவேற்பு மேசை உண்டு, மேலாளர் உண்டு, அடுத்த அறையில் தங்கியிருப்பவரே கதவைத் தட்டுவார். இப்போது வந்திருக்கும் பழக்கம் வேறு. தோட்டத்தின் நடுவே நீச்சல் குளத்தோடு ஒரு வீடு. ஆளே இல்லாத அமைதி என்று விளம்பரம். மொத்த வீடும் ஓர் இரவுக்கு உங்களுக்கே. அமைதியை விற்கும் விளம்பரத்தைப் பார்த்து வருகிறவர்கள் காரின் பின்பக்கத்தில் ஒரு டிராலி ஸ்பீக்கரையும் ஏற்றிக்கொண்டு வருகிறார்கள் என்பதுதான் வேடிக்கை.

சுற்றியிருப்பவர்கள் யார் என்பதையும் பார்க்க வேண்டும். பாலக்கோடு பக்கம் தக்காளி பறிக்கிறவர்கள், சாமந்தி கிள்ளுகிறவர்கள், சொசைட்டிக்குப் பால் ஊற்றுகிறவர்கள் எல்லாரும் சேவல் கூவும் முன் எழுந்தாக வேண்டும். மும்முனை மின்சாரம் வரும் நேரத்துக்கு எழுந்து போய் மோட்டார் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். மார்ச் மாதத்தில் வீட்டுக்கு வீடு பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கும் பிள்ளைகள். நகரத்தில் பத்து மணி என்பது இரவின் தொடக்கம். இங்கே அது முதல் தூக்கம் முடியும் நேரம்.

சட்டம் இல்லாமல் இல்லை. ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள் 2000-ஆம் ஆண்டு பிப்ரவரியில் வந்தன; 1986-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் போடப்பட்டவை. காலை 6 முதல் இரவு 10 வரை பகல், மற்றது இரவு. குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45. வணிகப் பகுதிக்கு 65, 55. தொழிற்பகுதிக்கு 75, 70. அமைதி மண்டலத்துக்கு 50, 40. வயல்வெளி என்றோ காட்டோரம் என்றோ அந்த அட்டவணையில் வகையே கிடையாது. எந்த இடம் எந்த வகை என்று பிரித்துச் சொல்லும் வேலையை விதிகள் மாநில அரசிடம் விட்டிருக்கின்றன. தென்னந்தோப்புக்கு நடுவே நிற்கும் வாடகை வீடு குடியிருப்பா வணிகமா என்ற வாதம் இந்த ஓட்டையில்தான் முளைக்கிறது.

விதிகள் வந்த அதே ஆண்டு ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்ன வழக்கு ஒன்று சென்னை மாதவரத்திலிருந்து கிளம்பியது. கே.கே.ஆர். மெஜஸ்டிக் காலனி குடியிருப்போர் சங்கம், பக்கத்திலிருந்த ஒரு தேவாலயத்தின் டிரம்ஸும் ஒலிபெருக்கியும் தாங்காமல் தொடுத்தது. அடுத்தவர் அமைதியைக் கெடுத்து ஒலிபெருக்கியில் வழிபடச் சொல்லும் மதம் எதுவும் இல்லை என்று நீதிமன்றம் சொன்னது. 2005 ஜூலை 18-ஆம் தேதித் தீர்ப்பு இன்னும் விரிவானது. வன்கொடுமைக்கு ஆளான 13 வயதுச் சிறுமியின் அலறல், அக்கம்பக்கத்து ஒலிபெருக்கிச் சத்தத்தில் யார் காதிலும் விழாமல் போனதைச் சுட்டிக்காட்டிப் போட்ட மனுவிலிருந்து பிறந்த தீர்ப்பு அது. பேசும் உரிமை உண்டு, ஆனால் அடுத்தவர் காதுக்குள் திணிக்கும் உரிமை யாருக்கும் கிடையாது என்பது அதன் சாரம். தன் வீட்டுக்குள் எழுப்பும் சத்தமானாலும் வேலியைத் தாண்டினால் கேள்வி கேட்கலாம். கடவுளின் பெயராலேயே கிடைக்காத சலுகை பிறந்தநாள் கேக்கின் பெயரால் எப்படிக் கிடைக்கும்?

2010-இல் வந்த திருத்தம் இந்த வாடகை வீடுகளுக்கென்றே எழுதியதைப் போலிருக்கிறது. தனியார் இடத்தில் வைக்கும் ஒலிக்கருவியின் சத்தம், அந்த இடத்தின் எல்லையில் அளந்தால், பகுதிக்கு உரிய அளவைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. குடியிருப்புப் பகுதி என்று கொண்டால் ராத்திரியில் வேலியருகே 50.

50 டெசிபல் எவ்வளவு என்று ஒரு கணக்குப் போடலாம். இரண்டு ஏக்கர் தோட்டம், சதுரமானது என்று வைத்துக்கொண்டால், நடுவிலிருந்து வேலிக்கு 45 மீட்டர். நடுவில் ஒரு ஸ்பீக்கர். ஒரு மீட்டர் தூரத்தில் 100 டெசிபல் தருகிறது. பார்ட்டிக்கென்று விற்கும் ஸ்பீக்கருக்கு இது பெரிய அளவே இல்லை. திறந்த வெளியில் தூரம் இரட்டிக்க இரட்டிக்க 6 டெசிபல் குறையும். வேலிக்கு வரும்போது ஏறக்குறைய 67. அனுமதித்ததைவிட 17 கூடுதல். 17 தானே என்று நினைக்கக் கூடாது. டெசிபல் கணக்கு மடக்கைக் கணக்கு, ஒலியாற்றலில் அது 50 மடங்கு. அந்தச் சத்தம் 50-க்கு இறங்க 300 மீட்டருக்கு மேல் போக வேண்டும். மார்கழி மாதிரிக் குளிர்ந்த இரவுகளில் தரையோரக் காற்று மேல்காற்றைவிடக் குளிர்ந்து கிடக்கும். அப்போது ஒலி மேலே போகாமல் தரைப்பக்கமே வளைந்து வரும். மலையடிவாரத்து ஊர்க்காரர் ‘பாட்டு பக்கத்து வீட்டில் பாடுகிற மாதிரி இருக்கிறது’ என்று சொன்னால் மிகைப்படுத்துகிறார் என்று எண்ண வேண்டாம்.

இன்னொரு சங்கடம் சப்வூபர். பாட்டின் வரி கேட்காது, ராகம் கேட்காது. ‘டும் டும்’ மட்டும் சுவர் வழியாகக் கட்டிலுக்கு வரும், தண்ணீர்ச் சொம்பின் மேல் வைத்த டம்ளர் கிணுகிணுக்கும். அளக்கும் கருவி இதை முழுதாகச் சொல்வதில்லை. சட்டம் கேட்கும் டெசிபல்(ஏ) என்ற அளவு மனிதக் காதின் கூர்மைக்கேற்பத் தாழ்ந்த ஒலிகளைக் கழித்துக் கணக்கிடுவது. 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபல் கழிந்துவிடும். கருவி ‘பரவாயில்லை’ என்று காட்டும்போதும் படுத்திருப்பவர் நெஞ்சு அதிர்கிறது என்றால் இருவர் சொல்வதும் மெய்தான்.

இதெல்லாம் அளப்பவர் வந்தால்தானே? ராத்திரி பதினொன்றரைக்கு எந்த ஊர்க் காவல் நிலையத்தில் ஒலி அளக்கும் கருவியோடு ஆள் உட்கார்ந்திருக்கிறார்? மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் நிரந்தர ஒலி கண்காணிப்பு நிலையங்கள் நாடு முழுவதற்கும் 70, அவையும் ஏழு பெருநகரங்களில். சென்னைக்குப் பத்து. ‘எவ்வளவு டெசிபல்னு எப்படிச் சார் சொல்றது’ என்ற ஒரு வாக்கியத்தில் பல புகார்கள் செத்துப்போகின்றன.

செத்துப்போக வேண்டியதே இல்லை. விதி 7-ஐ நிதானமாகப் படித்தால் தெரியும். புகார் கொடுக்க அது இரண்டு வழி சொல்கிறது. ஒன்று, சத்தம் அளவைவிட 10 டெசிபலோ அதற்கு மேலோ கூடியிருப்பது. மற்றொன்று, இரவு நேரக் கட்டுப்பாட்டை மீறியது. இரண்டாவதற்குக் கருவியே வேண்டாம். இரவு 10 முதல் காலை 6 வரை அரங்கம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களுக்குள்ளே தவிர ஒலிபெருக்கியோ இசைக்கருவியோ ஒலிக்கக் கூடாது என்பது விதி 5. புல்வெளியில், நீச்சல் குளத்தோரத்தில், மொட்டை மாடியில் ஸ்பீக்கர் பாடுகிறதா, மணி பத்தைத் தாண்டிவிட்டதா என்ற இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லக் கடிகாரமும் கண்ணும் போதும். நள்ளிரவு 12-க்குக் கேக் வெட்டியதும் வெடிக்கும் சரவெடிக்கும் இதே கதி. இரவில் சத்தமெழுப்பும் பட்டாசுக்குத் தடை இருக்கிறது. ஒலிபெருக்கிக்கு, பண்பாட்டு, மதத் திருவிழாக்களின்போது ஆண்டில் 15 நாள் மட்டும், அதுவும் 12 மணி வரை, மாநில அரசு தளர்வு தரலாம். நண்பர் ஒருவரின் முப்பதாவது பிறந்தநாள் அந்தப் பட்டியலில் வராது.

காவலர்கள் வந்தால் என்ன நடக்கிறது என்பதும் எல்லாருக்கும் தெரிந்த கூத்து. ஜீப் வெளிச்சம் தெரிந்ததும் பாட்டு நிற்கும். ‘சாரி சார், இதோ முடிச்சிட்டோம்.’ ஜீப் திரும்பி மெயின் ரோட்டை எட்டுமுன் மறுபடி தொடங்கும். வழக்குப் போட்டால்? பொதுத் தொல்லைக்கு இந்திய தண்டனைச் சட்டத்தில் 200 ரூபாய் அபராதம் இருந்தது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 292-ஆவது பிரிவில் அது 1,000 ரூபாய் வரை ஆகியிருக்கிறது. ஒரு ராத்திரி வாடகையோடு ஒப்பிட்டால் டிப்ஸ் மாதிரி. சுற்றுச்சூழல் பாதுகாப்புச் சட்டத்தில் சிறைத் தண்டனை இருந்தது. ஜன் விஸ்வாஸ் திருத்தத்துக்குப் பிறகு, 2024 ஏப்ரல் முதல், சிறை போய் 10,000 ரூபாய் முதல் 15 லட்சம் வரை அபராதம் வந்திருக்கிறது. தொகை கனமானது. ஆனால் அதை விதிப்பவர் அதற்கென்று உள்ள தீர்ப்பு அதிகாரி. ராத்திரி ரோந்து வரும் ஏட்டையாவின் கையில் அது இல்லை.

ஊரார் அதிகம் பயன்படுத்தாத ஒரு கதவு கோட்டாட்சியர் அலுவலகம். பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152-ஆவது பிரிவு, பழைய 133, திரும்பத் திரும்ப வரும் தொல்லையை நீக்கும்படி சொந்தக்காரருக்கு உத்தரவிட அவருக்கு அதிகாரம் தருகிறது. வந்துபோகும் விருந்தாளியை விட்டுவிட்டு வீட்டைப் பிடிக்கும் பிரிவு அது. தருமபுரியிலும் அரூரிலும் கோட்டாட்சியர்கள் இருக்கிறார்கள். நாலு சனிக்கிழமை நடந்ததைத் தேதி, நேரத்தோடு ஒரு நோட்டில் எழுதி, பத்துப் பேர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் மனு கனமாகும்.

இந்த விவகாரத்தில் பாவப்பட்ட ஆள் ஒருவர் இருக்கிறார். வாட்ச்மேன். அநேகமாக அதே ஊர்க்காரர். சில இடங்களில் தோட்டத்தை விற்றவரே கேட்டில் உட்கார்ந்திருப்பார். பாட்டை நிறுத்தச் சொல்ல வேண்டியவர் அவர்தான். தன் மகன் வயதுள்ள பையன்களிடம், ‘சார், கொஞ்சம் குறைச்சுக்கங்க சார், ஊர்ல பேசுறாங்க’ என்று மூன்று தடவை போய்ச் சொல்வார். நாலாவது தடவை ஐந்நூறு ரூபாய் நோட்டு ஒன்று சட்டைப்பைக்குள் வரும், அல்லது கெட்ட வார்த்தை வரும். ஓனருக்குப் போன் போட்டால் ‘கஸ்டமர் மனசு கோணாம பாத்துக்கோ’ என்பார். ஒரு நட்சத்திரம் குறைந்தாலும் அடுத்த வாரம் வீடு காலியாகக் கிடக்கும் என்ற பயம் அவருக்கு. காலையில் டீக்கடைக்குப் போனால், ‘என்னா பங்காளி, எங்கள தூங்க உடமாட்டியா?’ சட்டத்தின் மொத்தச் சுமையையும் மாதச் சம்பளத்துக்கு இருக்கும் அந்த ஒருவர் தலையில் வைத்துவிட்டு அரசு, செயலி, முதலாளி மூவரும் தூங்குகிறார்கள்.

ஹோம்ஸ்டே என்ற சொல்லுக்குள் இதற்கு மருந்து இருந்தது. மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் திட்டத்தில் ஒன்று முதல் ஆறு அறை வரை வாடகைக்கு விடலாம். ஆனால் சொந்தக்காரர் குடும்பத்தோடு அதே வீட்டில் குடியிருக்க வேண்டும். சுவருக்கு அந்தப் பக்கம் வீட்டுக்காரம்மா தூங்கும்போது எந்த விருந்தாளி ஸ்பீக்கர் வைப்பார்? சொந்தக்காரர் வெளியேறி, பெயர்ப் பலகை மட்டும் தங்கிவிட்டதில்தான் கோளாறு. தமிழ்நாடு சுற்றுலாத் துறையும் ஹோம்ஸ்டே, படுக்கையும் காலை உணவும் தரும் தங்குமிடம், முகாம், கேரவன் நடத்துகிறவர்கள் பதிவு செய்ய வேண்டும் என்கிறது. பதிவு செய்தவரைத் தேடிப் பிடிக்கலாம். பிரச்சினை வருவது பதிவுக்கு வெளியே இருப்பவர்களிடம்.

வெளியே இருந்தால் என்ன ஆகும் என்பதை 2019 மே மாதம் காட்டியது. ஆனைமலை அருகே சேத்துமடையில் ஒரு தோப்புக்குள் இருந்த தனியார் விடுதியில் 150-க்கும் மேற்பட்ட இளைஞர்களைக் காவல்துறை பிடித்தது. அதே வாக்கில் மாமல்லபுரம் பக்கம் பட்டிபுலத்திலும் ஒரு சோதனை. செய்திகளில் போதைப்பொருள்தான் தலைப்பானது. அதற்குப் பிறகுதான் எந்த விடுதிக்கு உரிமம் இருக்கிறது என்று அதிகாரிகள் கணக்கெடுக்கக் கிளம்பினார்கள். சத்தம் ஒரு முன்னறிவிப்பு. ஊரார் சத்தத்தைப் பற்றிச் சொல்லும்போதே கணக்கெடுத்திருந்தால் இவ்வளவு பெரிய படை போக வேண்டியிருந்திருக்காது.

தருமபுரிக்கு இன்னொரு கவலை உண்டு. 2022-இல் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டக் காடுகளில் 686 சதுர கிலோமீட்டரைக் காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அரசு அறிவித்தது. யானைக் காடு. ஆசிய யானைகள் மனிதக் காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த ஒலியில் பேசிக்கொள்கின்றன என்பதை 1984-இல் கேட்டி பெய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளர் கண்டுபிடித்தார். சப்வூபர் உறுமுவது அந்த எல்லையை ஒட்டித்தான். காட்டோரத்து வீட்டின் ‘டும் டும்’ யானைக்கு எப்படிக் கேட்கிறதோ, அதனிடம் யாரும் புகார் மனு வாங்குவதில்லை.

மற்ற நாடுகள் இதை எப்படிச் சமாளித்தன? 2018 ஜூன் 15-இல் நடைமுறைக்கு வந்த ஜப்பான் சட்டம் நமக்கு நெருக்கமாகப் படுகிறது. வீட்டை ஆண்டுக்கு 180 நாள் மட்டுமே இப்படி விடலாம். வாசலில் அடையாளப் பலகை மாட்ட வேண்டும். சத்தம் போடக் கூடாது என்பதை விருந்தாளிக்கு அவர் மொழியில் விளக்க வேண்டும். அக்கம்பக்கத்தார் புகார் சொன்னால் பதில் சொல்லியே ஆக வேண்டும். சொந்தக்காரர் அங்கே இல்லையென்றால் பதிவு பெற்ற நிர்வாகியிடம் ஒப்படைக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் 2020 டிசம்பர் முதல் ஒரு நடத்தை விதித்தொகுப்பு இருக்கிறது: இரண்டு ஆண்டுக்குள் இரண்டு முறை கரும்புள்ளி விழுந்தால் ஐந்தாண்டு தொழில் பக்கமே வர முடியாது. வீடுகளை நாள் வாடகைக்கு விட உதவும் செயலியை நடத்தும் ஏர்பிஎன்பி நிறுவனம் தானாகத் திருந்தவில்லை. 2019 அக்டோபர் 31 அன்று கலிபோர்னியாவின் ஒரிண்டாவில் வாடகை வீட்டுக் கொண்டாட்டத்தில் துப்பாக்கிச் சூடு நடந்து ஐந்து பேர் செத்த பிறகுதான் பார்ட்டி வீடுகளைத் தடுக்கத் தொடங்கி, 2020 ஆகஸ்டில் உலகம் முழுக்கப் பார்ட்டிகளுக்குத் தடை போட்டது. 2022-இல் அதை நிரந்தரமாக்கியது. தடை அந்தச் செயலியில் இருக்கும் இந்த மாவட்டத்து வீடுகளுக்கும் சேர்த்துத்தான். செயலியில் வீட்டுக்கு உள்ள பக்கத்தைப் படம் பிடித்து ஊர்க்காரரும் அந்நிறுவனத்துக்குப் புகார் அனுப்பலாம்.

இத்தனையும் செய்ய டெல்லியிலிருந்து புதுச் சட்டம் வர வேண்டியதில்லை. ஒகேனக்கல் அடங்கிய ஊராட்சியின் பெயர் கூத்தப்பாடி. கூத்தும் பாட்டும் தெரியாத ஊர் என்று யாரும் சொல்ல முடியாது. அது போன்ற ஒவ்வோர் ஊராட்சியும் கிராம சபையில் தன் எல்லைக்குள் நாள் வாடகைக்கு விடும் வீடுகளைப் பெயர் சொல்லிப் பட்டியலிட்டு, பதிவு இருக்கிறதா என்று கேட்டுத் தீர்மானம் போடலாம். தீர்மானத்தின் நகலைக் காவல் நிலையத்துக்கும் சுற்றுலா அலுவலகத்துக்கும் அனுப்பலாம். பட்டியல் கையில் இருந்தால் ராத்திரி போன் எடுக்கும் காவலருக்கு எந்த வீடு, யாருடையது என்று தேட வேண்டியிராது.

வீட்டை விடுகிறவர்களிடம் கேட்பது ஒன்றே ஒன்றுதான். அடுத்த சனிக்கிழமைக்குள் கேட்டில் ஒரு தகரப் பலகை மாட்டுங்கள். அதில் உங்கள் பெயர், ராத்திரி ஒரு மணிக்கும் நீங்களே எடுக்கும் கைப்பேசி எண், பத்து மணிக்கு மேல் வெளியே ஸ்பீக்கர் கிடையாது என்று ஒரு வரி, மூன்றும் இருக்கட்டும். வாட்ச்மேனின் எண்ணை மட்டும் அதில் எழுதாதீர்கள்.